நெல்லைச் சீமையில் கயாக் விடுமுறை: அணை நிலவரம் பார்ப்பது முதல் படகைக் காயவைப்பது வரை

திருநெல்வேலிக்குக் கயாக் (ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு) ஓட்ட வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். காசைக் கட்டினால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத் துடுப்பைக் கையில் தருகிற கடைகள் இங்கே கரையெங்கும் கிடையாது. ஆனால் தண்ணீர் இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் ஊட்டுகிற ஆறு. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு என்று துணையாறுகள். அதற்கு மேல், ஆற்றுக்கால் பாய்ந்து நிறையும் குளங்கள் ஊருக்கு ஊர்.

இந்தத் தண்ணீர் எதுவும் தன் போக்கில் ஓடுவதில்லை என்பதுதான் விஷயம். மேலே அணையில் திறந்துவிடுகிறார்கள், வழியில் ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய எட்டு அணைக்கட்டுகள் மறிக்கின்றன, கால்வாய்கள் பிரித்துக்கொண்டு போகின்றன, மடை திறந்தால் வயலுக்கு இறங்குகிறது. அதனால் நம் பக்கத்தில் கயாக் விடுமுறைக்குத் திட்டம் போடுவது படகில் தொடங்குவதில்லை. இன்றைக்குத் தண்ணீர் யார் கையில், எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதில் தொடங்குகிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

1. எங்கே கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

படத்தைப் பார்த்தால் ஆசை வருவது காரையாறு அணை, சேர்வலாறு அணை மாதிரி மலைக்குள் இருக்கும் நீர்ப்பரப்புகள்மேல்தான். சுற்றிலும் மலை, நடுவே நீலத் தண்ணீர். ஆனால் அவை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. சுமார் 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காப்பகம் 1988 முதல் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே படகு இறக்குவது வழக்கில்தான் முடியும். ஒரு காலத்தில் காரையாறு அணையில் படகேறி பாணதீர்த்தம் அருவிக்குப் போனோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதையை நம்பி இன்றைக்குப் படகைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடியில் போய் நிற்க வேண்டாம்.

கூந்தன்குளமும் அப்படித்தான். அது பறவைகள் சரணாலயம். செங்கால் நாரையும் கூழைக்கடாவும் பட்டைத்தலை வாத்தும் பார்க்கிற இடம், துடுப்புப் போடுகிற இடமில்லை. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகிற ஊர். அங்கே ஆற்றில் போனாலும் கூடுள்ள மரங்களை விட்டுத் தள்ளி, சத்தமில்லாமல் கடந்துபோக வேண்டும். விஜயநாராயணம் பக்கம் பெரிய குளம் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், அங்கே ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். ட்ரோன் எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

பாசனக் கால்வாய்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பாளையங்கால்வாயும் கன்னடியன் கால்வாயும் நேராக, அகலமாக, நிழலோடு ஓடுவதைப் பார்த்தால் படகுக்கென்றே வெட்டியது போலத் தோன்றும். ஆனால் தாழ்வான பாலம், மதகு, ஷட்டர் என்று வழியெல்லாம் தடை. கரை செங்குத்தாக இருக்கும் இடங்களில் ஏறவும் முடியாது.

2. மாதம்

நான் பரிந்துரைப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அணைகளிலும் குளங்களிலும் தண்ணீர் நின்று, பிசானப் பருவ நெல்லுக்குப் பாசனம் நடந்துகொண்டிருக்கும் காலம் அது. வெயில் இன்னும் கொல்லத் தொடங்கியிருக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் பல குளங்களின் அடி தெரியும். ஆற்றில் பாறையும் மணல்திட்டும் வெளியே வந்துவிடும். பிற்பகலில் கோடை இடி வேறு. தண்ணீரின் நடுவே உயரமாக இருப்பது நீங்களும் உங்கள் துடுப்பும் மட்டுமே என்பதால், இடிச் சத்தம் காதில் விழுந்ததுமே கரையேறிவிட வேண்டும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன், கார் பருவ நெல் சாகுபடிக்கு அணை திறப்பு, ஆற்றில் நல்ல ஓட்டம். ஆனால் அதுவே காற்றுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வரும் மேல்காற்றுக்காகத்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் சுரண்டைப் பக்கத்திலும் காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். காற்றாலைக்கு நல்லதெல்லாம் கயாக்குக்கு நல்லதில்லை. இந்த மாதங்களில் வந்தால் விடிந்ததும் இறங்கி, ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றுப் பக்கமே வேண்டாம். 1992 நவம்பரில் இந்த ஆறு என்ன செய்தது என்று நெல்லையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் நிற்கிறது. வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்ததும் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போய்விடுவது அங்கே வழக்கம். சாமியே இடம் மாறுகிற மாதங்களில் நமக்கு ஆற்றில் என்ன வேலை?

3. அணை நிலவரத்தைப் படிக்கப் பழகுங்கள்

உள்ளூர்ப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் அணை நிலவரம் வரும். முழுக் கொள்ளளவு நீர்மட்டம் பாபநாசம் (காரையாறு அணைக்கு இன்னொரு பெயர்) 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று மூன்று விவரங்கள் இருக்கும். விவசாயி முதலில் பார்ப்பது மட்டத்தை. கயாக் ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வெளியேற்றத்தை.

கனஅடி என்று போட்டிருப்பது நொடிக்கு எத்தனை கனஅடி என்ற கணக்கு. ஒரு கனஅடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 1,000 கனஅடி என்றால் நொடிக்கு 28,000 லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் வருகிறது. இந்த எண் தனியாக உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. நீங்கள் இறங்கப்போகிற படித்துறையில், இன்றைய வெளியேற்றத்துக்கு எத்தனையாவது படி முங்கியிருக்கிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும். ஒரே படித்துறையை வேறு வேறு நாட்களில் பார்த்துக் குறித்துவைத்தால் அதுவே உங்கள் சொந்த அளவுகோல் ஆகிவிடும்.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. அணையில் திறந்த தண்ணீர் உடனே நெல்லைக்கு வந்துவிடாது, வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். காலையில் அமைதியாக இருந்த ஆறு, மேலே வெயில் அடிக்கும்போதே மதியம் ஏறலாம். அடுத்து, நீர்வரத்து வெளியேற்றத்தைவிட மிக அதிகமாகி, மட்டமும் நிறையும் நிலையில் இருந்தால், இன்றோ நாளையோ உபரி திறப்பார்கள். அந்த இரண்டு நாளும் ஆற்றை விட்டுவிடுங்கள். கடைசியாக, கடனா நதியும் பச்சையாறும் சிற்றாறும் பாபநாசத்துக்குக் கீழே வந்து சேர்கின்றன. பாபநாசம் அணைக் கணக்கு மட்டும் பார்த்தால் அவை கொண்டுவரும் தண்ணீர் தெரியாது.

பத்திரிகையைவிட நம்பகமான ஒன்று உண்டு. படித்துறையில் தினமும் குளிக்கிறவர்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்குத் தண்ணி எப்படி?"

"நேத்து ராத்திரியே ஏறிட்டுல்லா. மண்டபத்துல ரெண்டாவது படி முங்கிக் கெடக்கு. அந்தாக்ல கசம் வேற. எறங்காண்டாம்."

கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம். இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை, படகைக் காரில் ஏற்றிவிடுங்கள்.

4. கற்றுக்கொள்ள வெளியே போங்கள்

முதல் துடுப்பைத் தாமிரபரணியில் போடாதீர்கள். பயிற்றுநரோடு, வாடகைப் படகில், ஆழம் குறைந்த தண்ணீரில் தொடங்குவதற்கு நெல்லையிலிருந்து எட்டும் தூரத்தில் நல்ல இடங்கள் இருக்கின்றன.

மேற்கே அஷ்டமுடி ஏரியும் மன்றோ தீவும். கல்லடையாறு அஷ்டமுடியில் சேரும் இடத்தில், சின்னச் சின்ன வாய்க்கால்களும் அலையாத்தி மரங்களும் உள்ள தீவுக்கூட்டம். உள்ளூர் ஆட்களே விடியற்காலையில் கயாக்கில் கூட்டிப்போகிறார்கள். தண்ணீர் பெரும்பாலும் அசையாது, வாய்க்கால்கள் குறுகல், வழிகாட்டி கூடவே வருவார். நேராக ஓட்டவும் திரும்பவும் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. நெல்லையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி அதிகாலையில் சேர்த்துவிடும். திரும்பும்போது பகல் ரயிலைப் பிடியுங்கள். தென்மலைப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தை இருட்டில் கடப்பது பாவம்.

வடகிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியும் கயாக்கும் நடத்துகிறார்கள். அதே மாவட்டத்தில் பிரப்பன்வலசையில் கடல் கயாக் பயிற்சியும் கிடைக்கும். காரில் நான்கைந்து மணி நேரம்.

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலை வெண்ணமடைக்குளத்தில் சீசனில் குளம் நிறைந்தால் சுற்றுலாத்துறையின் படகுக் குழாம் நடக்கும். மிதிபடகும் துடுப்புப் படகும்தான் அங்கே பிரதானம். குழந்தைகளுக்குத் தண்ணீர்ப் பயம் தெளிய அது போதும்.

5. படகும் சாமானும்

சொந்தப் படகு வாங்குவதென்றால் இரண்டு வழி. பிளாஸ்டிக் உடல் கொண்ட கெட்டிப் படகு, அல்லது காற்றடைக்கும் படகு. ஏரி, குளத்துக்குப் பொதுவாக 9 முதல் 12 அடி நீளம் போதும். நீளம் கூடினால் வேகமாகவும் நேராகவும் போகும், குறைந்தால் சட்டென்று திரும்பும். புதியவர்களுக்கு மேலே உட்காரும் வகைப் படகுதான் நல்லது. கவிழ்ந்தால் உள்ளே சிக்க வழியில்லை, தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், ரயிலில் வருபவர்கள் பெரும்பாலும் காற்றடைக்கும் படகுதான் வாங்குகிறார்கள். டெக்கத்லான் கடைகளில் கிடைக்கும் இட்டிவிட் வகை இங்கே பலரிடம் உண்டு. நல்ல படகுதான். ஆனால் நெல்லைக்கென்று இரண்டு எதிரிகள் அதற்கு இருக்கின்றன. ஒன்று சீமைக்கருவேல முள். குளத்துக் கரையெல்லாம் காய்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, செருப்பையே துளைத்து ஏறும். கெட்டித் தார்ப்பாய் ஒன்றை விரித்து, அதைக் கையால் தடவிப் பார்த்து, அதன்மேல் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். அங்கிருந்து தண்ணீர் வரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், இழுக்கக் கூடாது. இரண்டாவது வெயில். காலை ஏழு மணிக்குக் கணக்காக அடித்த காற்று, பதினோரு மணி வெயிலில் கரையில் கிடந்தால் விரிந்து தையலைப் பிய்க்கப் பார்க்கும். விரலால் அமுக்கினால் கொஞ்சமும் அமுங்கவில்லை என்றால் வால்வைத் திறந்து சற்றுக் காற்றை விடுங்கள். கரையேறினால் நிழலில் போடுங்கள். ஒட்டுப்போடும் சாமான் பையில் எப்போதும் இருக்கட்டும்.

துடுப்பு 210 முதல் 240 சென்டிமீட்டருக்குள். படகு அகலமாக இருந்தால், ஆளும் உயரமாக இருந்தால், நீளமான துடுப்பு.

லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் பேரமே கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் வேண்டும், இடுப்பளவுத் தண்ணீரிலும் வேண்டும். உடல் எடைக்கு ஏற்ற அளவா என்று பார்த்து, எல்லா வாரையும் இழுத்துக் கட்டி, தோள்பட்டையில் பிடித்து இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்களுக்கானதில்லை. சுற்றுலாத் தலங்களில் சாயம் வெளுத்து, வார் அறுந்து, முடிச்சுப் போட்டுத் தருவார்கள். வாங்காதீர்கள்.

மற்றபடி விசில், தண்ணீரில் விழுந்தவரை நோக்கி எறிய 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு உள்ள வீசு பை, கயிறு அறுக்க ஒரு கத்தி, போனுக்குத் தண்ணீர் புகாத உறை, முழுக்கைச் சட்டை, கழுத்து மூடும் தொப்பி, பின்பக்கம் வார் உள்ள செருப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டராவது குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். சாப்பாட்டுக்குப் புளியோதரையை வாழையிலையில் கட்டி எடுத்துப்போனால் மதியம் வரை கெடாது. கரையேறிய பிறகு குப்பையும் மிஞ்சாது.

6. குளத்தில் முதல் நாள்

குளம் சும்மா கிடப்பது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குளத்துக்கும் பொறுப்பாளர் உண்டு. நீர்வளத்துறைக் குளமா, ஊராட்சி ஒன்றியக் குளமா என்று முதலில் விசாரியுங்கள். அதோடு மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். அவர் குஞ்சு விட்டு, வலை கட்டி, காவலுக்கு ஆள் போட்டிருப்பார். அவரிடம் சொல்லாமல் இறங்கினால் மீன் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. ஊராட்சித் தலைவரிடமும் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வலை எந்தப் பக்கம் கிடக்கிறது, எந்த மடை திறந்திருக்கிறது என்ற தகவல் உங்களுக்குக் கிடைக்கும். அதுதான் முக்கியம்.

மடை ஏன் முக்கியம்? திறந்த மடையின் வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மேலே சுழிகூடத் தெரியாமல் இருக்கலாம். அருகில் கவிழ்ந்தால் காலை அடியோடு இழுக்கும். தண்ணீருக்குள் நிற்கும் மடைக்கல்லைப் பார்த்தால் குறைந்தது ஐம்பது அடி தள்ளியே போங்கள். குளம் நிறைந்து மறுகால் பாயும் நாட்களில், உபரித் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கமும் அப்படித்தான்.

காற்றையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். நம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் குளத்துக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். ஆழமும் மடையும் அங்கேதான். மேற்கே தண்ணீர் மெல்லக் குறைந்து மேடாகும். மேல்காற்று அடித்தால் களைத்த படகை அது தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் கற்கள் அடுக்கிய கரையும் மடையும்தான். ஆகவே புதியவர்கள் மேட்டுப்பக்கமே சுற்றுங்கள். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வாருங்கள்.

சரி, இப்போது படகில் ஏறலாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் படகைக் கரைக்கு இணையாக நிறுத்துங்கள். முதலில் புட்டம், பிறகு கால்கள். நின்றுகொண்டு ஏறப்பார்த்தால் கவிழும். முதுகு நேராக, முழங்கால் லேசாக மடங்கி, பாதம் மிதியில் ஊன்றியிருக்க வேண்டும். துடுப்பைத் தலைக்கு மேல் பிடித்தால் இரண்டு முழங்கையும் ஏறக்குறைய செங்கோணமாக மடங்கும் அளவுக்குக் கைகளை விரித்துப் பிடியுங்கள்.

துடுப்புப் போடுவது கைவேலை என்று நினைப்பதால்தான் அரைமணியில் தோள் கழன்றுபோகிறது. இடுப்பைத் திருப்பித்தான் போட வேண்டும். வலப்பக்கம் போடும்போது வலத்தோள் முன்னால் போகட்டும். துடுப்பின் அலகை, அதாவது தட்டையான முனையை, பாதத்துக்குப் பக்கத்தில் முழுக்க முக்கி, உடம்பைத் திருப்பிப் பின்னால் கொண்டுவந்து, இடுப்பைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு திரும்புமே தவிர முன்னே போகாது. திரும்ப வேண்டுமானால், எதிர்ப்பக்கத்தில் பாதத்தருகே முக்கி, அகலமாக அரைவட்டம் போட்டுப் படகின் பின்பகுதி வரை கொண்டுவாருங்கள். நிறுத்த, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பின்னோக்கிக் குட்டையாகப் போடுங்கள்.

அப்புறம் வேண்டுமென்றே கவிழுங்கள். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். நெஞ்சளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, படகோடு சாய்ந்து விழுங்கள். மூச்சை அடக்குங்கள். முதல் வேலை படகைப் பிடிப்பது, இரண்டாவது வேலை துடுப்பைப் பிடிப்பது. படகு மிதக்கும், நீந்தித் தேட வேண்டியதில்லை. கவிழ்ந்து கிடந்தால் எட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து நிமிர்த்துங்கள். பக்கவாட்டில் நடுப்பகுதிக்கு வந்து, கால்களை உதைத்து உடம்பை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, வயிற்றால் படகின்மேல் வழுக்கி ஏறி, குறுக்கே படுத்து, புரண்டு உட்காருங்கள். முதல் முறை ஏறும் பக்கமே மறுபடி கவிழும், பரவாயில்லை. களைத்த பிறகும் தானாக ஏறத் தெரிந்தவர் மட்டும் கரையை விட்டுத் தூரமாகப் போகலாம். இந்தப் பயிற்சி முடியாமல் ஏழாவது பகுதிக்குப் போக வேண்டாம்.

மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் இருக்கும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் ஏற்படுத்தும் காய்ச்சலால் 2024இல் கேரளத்தில் உயிரிழப்புகள் நேர்ந்தன. அரிதான நோய்தான், ஆனால் கவிழும் பயிற்சிக்கு மூக்குக் கிளிப் மாட்டினால் கவலை விட்டது. காலில் புண் இருந்தால் அன்று இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம்.

7. ஆறு: அணைக்கட்டுக்கு மேலே, எப்போதும் மேலே

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள் இவை. இந்தப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யாமல் தாமிரபரணியில் படகு இறக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒவ்வொன்றுக்கும் மேலே தண்ணீர் தேங்கி, குளம்போல விரிந்து, கொஞ்ச தூரம் கிடக்கும். ஓட்டம் குறைந்த அந்தத் தேக்கம்தான் கயாக்குக்கு ஏற்ற இடம். அணைக்கட்டின் வாசல்தான் உயிரை எடுக்கும் இடம்.

ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள். படகில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் தண்ணீருக்கு மேல் இரண்டரை, மூன்று அடி உயரத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து வரும்போது அணைக்கட்டு தெரியாது. ஆற்றுக்குக் குறுக்கே பளபளவென்று நேர்கோடு ஒன்று தெரியும், அதற்கு அப்பால் மரங்களின் தலை மட்டும் தெரியும். அந்தக் கோடுதான் விளிம்பு. சத்தம் கீழ்ப்பக்கமாகவே போவதால், காதில் கேட்கும்போது ஏற்கெனவே நெருங்கியிருப்பீர்கள். விழும் உயரம் நாலடிதானே என்று அலட்சியம் வேண்டாம். கீழே விழுந்த தண்ணீர் அடியில் போய், மேலே எழும்பி, மறுபடியும் அணைக்கட்டை நோக்கியே திரும்பி ஓடும். மாட்டிய மரக்கட்டை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் முங்கி எழுவதைப் பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளையும் அது அப்படித்தான் வைத்திருக்கும். நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் மிதக்கும் திறனும் குறையும்.

அதனால் ஒரே சட்டம்: முதலில் மேலே போங்கள், பிறகு கீழே வாருங்கள். அணைக்கட்டிலிருந்து நன்றாகத் தள்ளி மேல்புறம் உள்ள படித்துறையில் இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து ஏறி, களைத்ததும் திரும்பி, இறங்கிய படித்துறையிலேயே ஏறிவிடுங்கள். அந்தப் படித்துறையைத் தாண்டிக் கீழே ஒரு துடுப்புகூடப் போடக் கூடாது. அணைக்கட்டைத் தாண்டிப் போகத்தான் வேண்டுமென்றால் தரையில் சுமந்துகொண்டு போங்கள்.

இறங்குவதற்கு முன் ஓட்டத்தை அளக்க ஓர் இலை போதும். கரையில் பத்து மீட்டரை அடி வைத்து அளந்து, நடு ஓட்டத்தில் இலையைப் போட்டு நொடிகளை எண்ணுங்கள். பத்து நொடியில் கடந்தால் ஓட்டம் மணிக்கு 3.6 கிலோமீட்டர். சாதாரணமாகத் துடுப்புப் போடுகிறவர் போகும் வேகமே மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். எதிர்த்து ஏற மிச்சம் அதிகம் இருக்காது. புதியவர்களுக்கு இருபது நொடிக்கு மேல் ஆக வேண்டும். இன்னொரு சோதனை: ஏறியதும் ஐந்து நிமிடம் எதிர்த்துப் போட்டு, கரையில் ஒரு மருதமரத்தைக் குறிவைத்துப் பாருங்கள். மரம் பின்னால் போகவில்லை என்றால் அன்றைக்கு ஆறு உங்களுக்கு இல்லை.

ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் நேர் குறுக்கே போகாதீர்கள். படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராக, கடக்க வேண்டிய கரைப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்து, நிதானமாகத் துடுப்புப் போட்டால் ஓட்டமே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய் விடும். பாறைக்கும் கல்மண்டபத்துக்கும் பின்னால் தண்ணீர் சுற்றி அடங்கும் இடம் இருக்கும், அதுதான் இளைப்பாறும் இடம். ஆனால் மண்டபத் தூணுக்கு முன்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஓட்டம் படகைத் தூணில் மடித்துவிடும். சாய்ந்து கிடக்கும் மரமும் அப்படித்தான், தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

கவிழ்ந்தால் மல்லாந்து, கால் ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதம் தண்ணீர் மட்டத்தில் தெரிய மிதந்து, கைகளால் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் ஆளை மடக்கிப் போட்டுவிடும்.

இனி நம் ஆற்றுக்கே உரிய தொல்லைகள். மணல் அள்ளிய பள்ளங்களால், முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் ஆளுயரக் கசத்தில் இருப்பார். படகை இழுத்துக்கொண்டு நடக்கும்போதும் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் சேலையும் வேட்டியும் பாறையில் சிக்கி நீளமாக அலையும். துடுப்பு அலகில் சுற்றினால் விடுவிக்கக் கத்தி எடுக்க வேண்டியிருக்கும், காலில் சுற்றினால் இன்னும் மோசம். அதனால் பாபநாசப் படித்துறைகளைத் தொடாதீர்கள். நெல்லை நகருக்குள் வரும் பகுதியில் சாக்கடை கலக்கிறது. சேரன்மகாதேவி, முக்கூடல் சுற்றுவட்டாரமே ஓட்ட உகந்தது. அங்கே விடியற்காலையில் நீர்நாய்க் கூட்டம் கண்ணில் படவும் வாய்ப்புண்டு.

தனியாகப் போகாதீர்கள். கரையில் ஒருவர் காரோடு இருக்கட்டும். எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் 112ஐ அழைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

8. கழிமுகம்

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கோடையில் ஆறு மெலிந்துவிடும். ஆனால் பழையகாயல், புன்னைக்காயல் பக்கம் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைகளும் அலையாத்தியும் உண்டு. ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் வற்றும் நேரத்தில் போனால் சேற்றில் உட்கார வேண்டியதுதான். ஏற்றத்தோடு உள்ளே போய், வற்றத் தொடங்கியதும் திரும்புங்கள். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகாதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவது இங்கேயும் வழக்கம்.

9. நான்கு நாள் திட்டம்

பிப்ரவரி மாதத்தை வைத்துச் சொல்கிறேன். வியாழன் இரவு ரயிலேறி, வெள்ளி காலை மன்றோ தீவில் வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம். மாலையில் இன்னொரு முறை, அதில் கவிழ்ந்து ஏறும் பயிற்சி மட்டும். சனி பகல் ரயிலில் திரும்பி, மாலையில் அணை நிலவரமும் படித்துறையும் பார்த்து, குளத்துக்குச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஞாயிறு விடியலில் குளம். திங்கள் விடியலில், வெளியேற்றமும் இலைச் சோதனையும் சரியாக இருந்தால் மட்டும் சேரன்மகாதேவிப் பக்கம் ஆறு. சரியில்லை என்றால் கூந்தன்குளத்தில் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பறவை பாருங்கள். திங்கள்கிழமையை இப்படி விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவரோடு மட்டும் வாருங்கள். காசு போட்டாச்சு, லீவு போட்டாச்சு, இறங்கியே தீருவேன் என்கிற நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். குளம் முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

10. படகைக் கழுவிக் காயவைத்தல்

ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் முன் படகின் அடி, மிதி, துடுப்பு இணைப்பு, கயிறு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) துண்டுகளைப் பொறுக்கி, கரையில் மேடான இடத்தில் வெயிலில் போடுங்கள். ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு போனாலும் அடுத்த குளத்தில் பெருகிவிடும். அதை அள்ளச் செலவு செய்யப்போவது அந்த ஊர்க்காரர்கள்தான். கழிமுகத்தில் ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் இருமுறை அலசுங்கள். காற்றடைக்கும் படகின் தரை மடிப்புகளில் மணல் நிற்கும், அது தேய்த்துத் தேய்த்தே ஓட்டை போடும். பழைய துணியால் மடிப்பைப் பிரித்துத் துடைத்து, காற்றைப் பாதி விட்டு, நிழலில் ஒருநாள் முழுக்க உலர்த்திய பிறகே சுருட்டுங்கள். ஜாக்கெட்டை வெயிலில் போட வேண்டாம், நுரையும் தையலும் வீணாகும். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் போதும்.